தேவர் ஒரு பக்கம், தைவம் ஒரு பக்கம்: துளுநாட்டுக் கோயில்களும் அவற்றைச் சுற்றிய ஆட்டங்களும்

2022 செப்டம்பர் இறுதியில் ‘காந்தாரா’ என்ற கன்னடப் படம் வெளியான பிறகு, பூத கோலா என்ற பெயர் தமிழ்நாட்டிலும் பேச்சுவழக்கில் கலந்துவிட்டது. தைவம் எனப்படும் ஊர்க் காவல் சக்தி மனித உடலில் இறங்கி ஆடிப் பேசும் சடங்கு அது. 2025 அக்டோபரில் அதன் முன்கதைப் படம் வந்தபோது, ரசிகர்கள் சிலர் தைவ வேடமிட்டுத் திரையரங்குகளுக்குள்ளேயே ஆடினார்கள். துளு பேசும் ஊர்களிலிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது. படம் எடுத்தவர்களே அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, 2022-இல், இந்த வழிபாடு இந்து மதத்தைச் சேர்ந்ததா, தனியானதா என்ற சண்டை கர்நாடக அரசியலில் காவல்துறைப் புகார் வரை போயிருந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதில் பல முடிச்சுகள். நடிகர் ஆடலாம், ரசிகர் ஆடக் கூடாதா? உடுப்பி, தர்மஸ்தலா, கட்டீல் என்று பெரிய கோயில்கள் நிறைந்த ஊரில் ஒரு சாமி ஏன் கோயிலுக்கு வெளியே களத்தில் வந்து ஆடுகிறது? யக்ஷகானம், புலிவேஷம், நாகமண்டலம், கோலா எல்லாம் ஒன்றா, வெவ்வேறா? இவற்றை ‘நாட்டுப்புற நடனம்’ என்று ஒரே பெயரில் அடக்கிவிட்டால் ஒன்றுக்கும் விடை கிடைக்காது. துளுநாட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. யார் யாருக்காக, எந்த உரிமையில் அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பார்த்தால் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழும்.

முதலில் இடம்

துளுநாடு என்பது அரபிக்கடலுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம். இன்றைய தட்சிண கன்னட மாவட்டம், உடுப்பி மாவட்டம், கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தின் வடபகுதி ஆகியவை சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி துளுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 18.5 லட்சம் பேர்.

நமக்கும் இந்த நிலத்துக்கும் ஒரு நிர்வாகத் தொடர்பு உண்டு. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு கம்பெனி ஆட்சிக்குள் வந்த இப்பகுதி, தென் கன்னட மாவட்டம் என்ற பெயரில் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தோடு இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிப்பில் பெரும்பகுதி மைசூருக்கும் காசர்கோடு கேரளத்துக்கும் போயின. எல்லைக்கோடு பிரித்ததே தவிர வழிபாட்டைப் பிரிக்கவில்லை. சந்திரகிரி ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் இதே மரபின் நெருங்கிய உறவான தெய்யம் தொடங்குகிறது.

மழை இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஜூனில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை கோயிலின் கூரையையும் ஆட்டத்தின் நாள்காட்டியையும் சேர்த்தே வடிவமைத்திருக்கிறது. வானளாவிய கல் கோபுரங்களை இங்கே எதிர்பார்க்க முடியாது. சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை அல்லது செப்புத்தகட்டுக் கூரை, தாழ்வான கருவறை, சுற்றிலும் மூடிய பிரகாரம் என்பதுதான் பழைய கோயில்களின் அமைப்பு. துளு மாதமான பேசியாவின் பத்தாம் நாள், அதாவது மே 24-ஐ ஒட்டி, ‘பத்தனாஜெ’ வரும். அன்றோடு கோயில் திருவிழாக்கள், கோலாக்கள், யக்ஷகானப் பயணங்கள் அனைத்தும் நிற்கும். ஆட்டக்காரர்கள் சலங்கையை அவிழ்த்து வைப்பார்கள். மறுபடி கட்டுவது தீபாவளியை ஒட்டித்தான். கோயிலும் களமும் ஒரே நாள்காட்டியில் நடக்கின்றன என்பது சின்னச் செய்தி இல்லை. இரண்டையும் தனித்தனி மதங்களாகப் பார்ப்பவர்கள் முதலில் இடறும் இடம் அதுதான்.

இரண்டு அதிகாரங்கள்

துளுநாட்டில் வழிபடப்படும் சக்திகளை மக்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள்.

1. தேவர். சிவன், விஷ்ணு, துர்க்கை, சுப்பிரமணியர், கணபதி முதலிய புராண, ஆகமக் கடவுள்கள். அவர்களுக்குக் கோயில், தந்திரி, நாள்பூசை, கொடியேற்றம் உண்டு. உடுப்பியில் 13-ஆம் நூற்றாண்டில் மத்வாசாரியார் நிறுவிய கிருஷ்ணர், நந்தினி ஆற்றின் நடுவே திட்டில் அமர்ந்த கட்டீல் துர்க்கா பரமேஸ்வரி, கதிரி மஞ்சுநாதர், குக்கே சுப்பிரமணியர் ஆகியோர் இந்த வரிசை.

2. தைவம். பஞ்சுர்லி, ஜுமாதி, குளிகா, கொரகஜ்ஜா, கல்லுர்ட்டி, கோட்டி–சென்னய்யா என்று நூற்றுக்கணக்கில் விரியும் ஊர்க் காவல் சக்திகள். பூதம் என்றும் சொல்வதுண்டு. தைவத்துக்குச் சிறிய ‘ஸ்தானம்’ உண்டு. ஆனால் அது முழுமையாக வெளிப்படுவது வருடாந்திரக் கோலாவில், மனித உடலின் மேல்தான்.

தேவரைப் பார்க்கப் போகிறோம். தைவம் நம்மிடம் வந்து பேசுகிறது. தேவரிடம் வேண்டலாம், பதில் கேட்க முடியாது. தைவத்திடம் கேள்வி கேட்கலாம், வழக்கு வைக்கலாம், சில நேரம் வாதாடவும் செய்யலாம்.

இரண்டும் எப்படி ஒன்றாகச் செயல்படுகின்றன என்பதைத் தர்மஸ்தலாவில் தெளிவாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து உடுப்பி, கொல்லூர் போகும் பக்தர்கள் பெரும்பாலும் இங்கேயும் நிற்பார்கள். மூலவர் மஞ்சுநாதர், சிவலிங்கம். பூசை செய்பவர்கள் மாத்வ வைணவர்கள். தர்மாதிகாரியாக இருப்பது சமணரான ஹெக்கடே குடும்பம். தலபுராணம் இன்னும் சுவையானது: முதலில் அந்த ஊரில் இருந்தவை நான்கு தர்ம தைவங்கள்தாம். சமணத் தம்பதியான பிர்மண்ண பெர்கடே, அம்மு பல்லால்தி ஆகியோரின் வீட்டுக்கு மனித உருவில் வந்து, எங்களுக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டவை. பிறகு சிவலிங்கம் தேவைப்பட்டபோது, அண்ணப்பா என்ற தைவம் மங்களூருவின் கதிரியிலிருந்து அதைக் கொண்டுவந்தது. தேவரை அழைத்து வந்ததே தைவம்தான் என்று கோயிலின் சொந்தக் கதையே சொல்கிறது.

அந்தக் கதிரிக் கோயிலும் ஒரு பாடம். அங்கிருக்கும் லோகேஸ்வரர் வெண்கலச் சிலையின் பீடத்தில் ஆளுப மன்னன் குந்தவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. ஆண்டு 968. பௌத்தத்தின் அவலோகிதேஸ்வரரோடு தொடர்புடைய அந்த வடிவம், நாத யோகிகள் மடம், சிவன் கோயில் மூன்றும் ஒரே குன்றில். ஆக, இந்தக் கரையில் மதங்கள் ஒன்றையொன்று அழித்துவிட்டு உட்காரவில்லை. ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிற்கின்றன.

கோயிலுக்குச் சொந்தமான ஆட்டங்கள்

தேவர் பக்கத்திலும் ஆட்டம் உண்டு. அது குறைவாகப் பேசப்படுகிறது.

முதலாவது பலி உற்சவம். திருவிழாவின்போது அர்ச்சகரே உற்சவமூர்த்தியைத் தலையில் ஏற்றி, செண்டை, கொம்பு, நாதஸ்வரத்தின் தாளத்துக்கு அடிவைத்துப் பிரகாரத்தைச் சுற்றி ஆடுவார். தாளம் மாற மாற நடையும் மாறும். நம் ஊரில் மூர்த்தி பல்லக்கிலோ வாகனத்திலோ ஏறுகிறார். இங்கே ஒரு மனிதரின் தலையில் ஏறி ஆடுகிறார். துளுநாட்டில் ‘ஆடும் உடல்’ தாழ்ந்தது என்ற எண்ணம் வேரூன்றியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. தாழ்ச்சியெல்லாம் உடலின் சாதியைப் பார்த்து வந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டாவது நாகமண்டலம். இப்பகுதியில் வீட்டுக்கு வீடு நாகபனம் என்ற பாம்புக்காவு உண்டு. நிலம் நாகத்துக்குச் சொந்தம், நாம் அதில் குடியிருக்கிறோம் என்பது நம்பிக்கை. வெள்ளை, மஞ்சள், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு, இலைப்பொடிப் பச்சை, உமிக்கரிக் கறுப்பு என்று ஐந்து வண்ணத்தில் தரையில் பிணைந்த பாம்புகளின் கோலம் வரைவார்கள். பாத்திரி எனப்படும் பிராமணர் கமுகம்பாளையை முகத்தில் தேய்த்து ஆவேசம் கொள்வார். வைத்தியர் எனப்படும் கலைஞர், பாதி ஆண் பாதி பெண் வேடத்தில், டக்கெ என்ற உடுக்கையை வாசித்துப் பாடியபடி அவரைச் சுற்றி ஆடுவார். விடியும்போது கோலம் முழுவதும் காலடியில் அழிந்திருக்கும்.

மூன்றாவது யக்ஷகானம். இதில் ஆடுபவர் மேல் யாரும் இறங்குவதில்லை. இது முறையான நாடகக்கலை. பாகவதர் பாட, செண்டையும் மத்தளமும் முழங்க, வேடதாரிகள் ஆடி, எழுதப்படாத வசனத்தைத் தம் புலமையால் பேசுவார்கள். தெற்கு மரபுக்குத் தெங்குதிட்டு என்றும் வடக்கு மரபுக்குப் படகுதிட்டு என்றும் பெயர். கட்டீல், தர்மஸ்தலா, மந்தார்த்தி ஆகிய கோயில்களின் பெயரில் ‘மேளம்’ எனப்படும் குழுக்கள் இருக்கின்றன. பெரிய கோயில்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மேளங்கள்.

இதன் பொருளாதாரம் கவனிக்கத்தக்கது. குழந்தை பிறந்தால், நோய் தீர்ந்தால் ஓர் ஆட்டம் நடத்துகிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். இது ‘ஹரகெ ஆட்டம்’, நேர்த்திக்கடன் ஆட்டம். கட்டீல் மேளத்துக்கு முன்பதிவு செய்தவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். அதிகம் கேட்கப்படுவது தேவி மகாத்மியக் கதை. மேளம் ஊருக்கு வந்ததும் முதல் பூசை மேடைக்குப் பின்னால், ஒப்பனை அறையான சௌக்கியில், மேளத்தோடு பயணம் செய்யும் கணபதிக்கு நடக்கும். பார்வையாளர் கட்டணம் இல்லை. செலவு நேர்ந்துகொண்ட குடும்பத்துடையது. அந்த ஒரு நேர்த்திக்கடன் முறை இல்லையென்றால் இத்தனை முழுநேரக் கலைஞர்கள் இன்று பிழைத்திருக்க முடியாது. தமிழ்நாட்டுத் தெருக்கூத்துக்கு இப்படியொரு உறுதியான புரவலர் வலை வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

மாற்றம் இங்கேயும் வந்திருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய பார்வையாளர்கள் என்ற இரண்டு காரணங்களால், விடிய விடிய நடந்த ஆட்டங்கள் பல இடங்களில் ‘காலமிதி’ என்ற பெயரில் நள்ளிரவுக்குள் முடிகின்றன. வேகமான காட்சிகள் தங்கிவிட்டன. ஒட்டோலகம் எனப்படும் மெதுவான தொடக்க ஆடல்கள் சுருங்குகின்றன.

புலிவேஷம் நான்காவது. உடுப்பியில் கிருஷ்ண ஜெயந்திக்கு மறுநாள் வரும் விட்டல் பிண்டியிலும் மங்களூரு நவராத்திரியிலும் உடல் முழுக்கப் புலிவரி தீட்டி, தாசெ முரசுக்கு ஆடுவார்கள். வைக்கோலில் கட்டிய ‘முடி’ எனப்படும் அரிசி மூட்டையைப் பல்லால் கவ்விப் பின்னால் வீசுவது அதன் உச்சம். இதுவும் பெரும்பாலும் அம்மனுக்கான நேர்ச்சைதான். நம் புலியாட்டத்தின் உறவு. யார் வேண்டுமானாலும் இந்த வேடம் போடலாம் என்பது முக்கியம். கோலா அப்படி இல்லை.

கோலாவில் என்ன நடக்கிறது

ஓர் இரவுக் கோலா, அல்லது அதன் பெரிய வடிவமான நேமம், ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அடிப்படை வரிசை இது:

1. பண்டாரம் வருதல். தைவத்தின் வாள், மணி, வெண்கல முகமூடி, நகைகள் ஆகியவை ‘குத்து’ எனப்படும் ஊர்த் தலைமை வீட்டிலிருந்து ஊர்வலமாகக் களத்துக்கு வரும்.

2. எண்ணெய் பூளியம். ஆடப்போகிறவருக்கு எண்ணெயும் வெற்றிலையும் முறைப்படி கொடுப்பார்கள். அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து வருவார். ஆடும் உரிமையும் கடமையும் இந்த இடத்தில் ஊரறியக் கைமாறுகின்றன.

3. பாட்தனம். அவர் முகத்தில் மஞ்சள் அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும்போது, அவருடைய மனைவியோ தாயோ ‘தெம்பரெ’ என்ற சிறு பறையைத் தட்டி, தைவம் பிறந்து வளர்ந்து மாயமான கதையைப் பாடுவார். கதை எழுத்தில் இல்லை. பெண்களின் நினைவில் இருக்கிறது.

4. கக்கர. ஊர்ப் பெரியவர்களிடம் ஒப்புதல் கேட்டு, கனமான சிலம்பான கக்கரவைக் காலில் கட்டுகிறார். உடல் நடுங்குகிறது. இதற்குப் பிறகு அவரைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள்.

5. அணி. தென்னங்குருத்துப் பாவாடையும், முதுகில் ‘அணி’ எனப்படும் பெரிய அலங்காரச் சட்டமும் ஏறும். தீப்பந்தங்களோடு முழு ஆட்டம் தொடங்கும்.

6. நுடி. ஆட்டம் நின்று பேச்சு தொடங்கும். குத்து வீடுகளை வரிசைப்படி பெயர் சொல்லி அழைத்து, தைவம் நலம் விசாரிக்கும், கண்டிக்கும். எல்லைத் தகராறு, பங்குத் தகராறு, கொடுத்த வாக்கு மறந்தது என்று வழக்குகள் முன்னால் வரும். தீர்ப்பு சொல்லிச் சந்தனமும் கமுகம்பூவும் கொடுக்கும்.

திரையில் நாம் பார்ப்பது ஐந்தாவது கட்டம். ஊர்க்காரர்கள் காத்திருப்பது ஆறாவதுக்காக. ஆட்டம் அந்தப் பேச்சுக்கு அதிகாரம் தரும் ஏற்பாடு. வழக்கு கேட்காத தைவம், தீர்ப்பு எழுதாத நீதிமன்றக் கட்டடம் மாதிரி.

தைவமாக ஆனவர்கள் யார்?

எல்லாத் தைவங்களுக்கும் ஒரே தோற்றம் இல்லை. பஞ்சுர்லி காட்டுப்பன்றி, பயிரை அழிக்கும் விலங்கை வணங்கிக் காவலாக்கிக்கொண்ட உழவர்களின் தைவம். பொப்பரியா கடலோர மீனவர்களின் தைவம். அதன் கதையில் முஸ்லிம் வணிகர் வேர் உண்டு. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துபவை, அநியாயமாகச் செத்த மனிதர்கள் தைவமான கதைகள்.

கார்க்களத்தில் 42 அடி உயர கோமடேஸ்வரர் (சமண முனிவர் பாகுபலி) சிலை 1432-இல் நிறுவப்பட்டது. நிறுவியவர் பைரவரச மன்னர் வீர பாண்டியர். இது கல்வெட்டு சொல்லும் வரலாறு. பாட்தனம் சொல்வது வேறு: சிலையைச் செதுக்கிய சிற்பி கல்குடன் இதுபோல் இன்னொன்றைச் செய்துவிடக் கூடாது என்று மன்னன் அவனுடைய ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டிவிட்டான். மிச்சமிருந்த கையால் அவன் வேணூரில் இன்னொரு கோமடரைச் செதுக்கினான். தங்கை கல்லுர்ட்டி அண்ணனின் நிலை கண்டு கொதித்தாள். இருவரும் மாயமாகித் தைவமாகி மன்னனைப் பழிதீர்த்தார்கள். வேணூர்ச் சிலையின் ஆண்டு 1604. நடுவே 172 ஆண்டுகள் இருப்பதைப் பாட்டு பொருட்படுத்துவதில்லை. யாருடைய கை அந்தச் சிலைக்குப் பின்னால் இருந்தது என்பதை மட்டும் அது விடாமல் நினைவு வைத்திருக்கிறது.

கொரகஜ்ஜாவின் கதை இன்னும் கூர்மையானது. கொரகர் என்ற பழங்குடியில் பிறந்த தனியன் என்ற இளைஞன், தன்னை வளர்த்த தாய்க்காகக் கோயிலுக்குரிய பொருட்களைச் சுமந்து போனான். சுமக்க விட்டார்கள், உள்ளே விடவில்லை. அங்கிருந்த ஒரு கனியைத் தன் தாய்க்காகப் பறிக்கக் கோயிலின் மேல் கைவைத்தபோது மாயமானான். இன்று காணாமல்போன பொருள் கிடைக்கவேண்டும் என்று எல்லாச் சாதியினரும் அவனுக்குக் கள், வெற்றிலை, முறுக்கு வைத்து வேண்டுகிறார்கள்.

கோட்டி–சென்னய்யா பில்லவ சாதியின் இரட்டை வீரர்கள். அவர்களுக்குக் கரோடி எனப்படும் தனிக் களரிக்கோயில்கள். பில்லவர்களைப் பெரிய கோயில்கள் வெளியே நிறுத்திய காலத்தில், நாராயண குரு வந்து 1912-இல் மங்களூரு குத்ரோளியில் கோகர்ணநாதேஸ்வரரை நிறுவினார். இன்று மங்களூரு தசராவின் மையம் அந்தக் கோயில்தான்.

பெண்களுக்கு உரிய பெரிய தைவம் சிரி. தாய்வழிச் சொத்துரிமையைக் காத்து நின்ற ஒரு பெண்ணின் கதை அது. ஹிரியடுக்க, கவத்தாறு, நந்தளிகெ ஆகிய கோயில் வளாகங்களில் நடக்கும் சிரி ஜாத்திரையில், கையில் கமுகம்பூவோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆவேசம் கொண்டு தங்கள் துயரத்தைப் பேசுவார்கள். சிரி காவியத்தை 1990 டிசம்பரில் கோபால நாயக்கர் என்ற விவசாயி பாட, பின்லாந்து ஆய்வாளர் லௌரி ஹொங்கோவின் குழு பதிவு செய்தது. 15,683 அடிகள். முழுவதும் ஒரு மனிதரின் நினைவிலிருந்து. 1998-இல் அது அச்சில் வந்தது.

ஆடுபவர் யார், ஆட்டுவிப்பவர் யார்?

தமிழ் வாசகர் இந்த இடத்தில் குலதெய்வக் கோயிலின் சாமியாடியை நினைத்துக்கொள்வார். ஒப்பீடு பாதி சரி. நம் சாமியாடி பெரும்பாலும் கும்பிடும் பங்காளிகளுக்குள்ளிருந்தே வருகிறார். துளுநாட்டில் கோலா நடத்துபவர்கள் ஒரு சமூகம். ஆடுபவர்கள் வேறு சமூகம். குத்து வீடுகள் பெரும்பாலும் பண்ட்டர்கள், சமணர்கள் கையில். ஆடுபவர்கள் நலிகே, பம்பதர், பரவர் என்ற மூன்று பட்டியல் சாதியினர். எந்தக் குடும்பம் எந்த ஊர் எல்லைக்குள் எந்தத் தைவத்தை ஆடலாம் என்பது பரம்பரை உரிமை.

இதே நலிகே சமூகத்தினர்தான் ஆட்டி மாதத்தில், அதாவது நம் ஆடி மாதத்தில், ஆட்டி களஞ்சனாக ஓலைக்குடை பிடித்து வீடு வீடாக ஆடி வருகிறார்கள். அடைமழை, நோய், கையிருப்பு தீர்ந்த பஞ்ச மாதம். களஞ்சன் வந்து ஆடினால் மாரி நோய் ஊரைவிட்டுப் போகும். வீட்டார் அரிசி, தேங்காய், மஞ்சள், மிளகாய் போடுவார்கள். கோலாக்கள் நின்றுபோன மழைமாதத்தில் இவர்கள் பட்டினி கிடக்காமல் காத்ததும் இந்த ஆட்டம்தான்.

இரவில் ஊர்த் தலைவர் கைகூப்பி நிற்க, ‘நான் இருக்கிறேன், நீ பயப்படாதே’ என்று தைவம் சொல்கிறது. விடிந்து அணி இறங்கியதும், அதே மனிதர் அந்த வீட்டின் முற்றத்தைத் தாண்டி உள்ளே போக முடியாத காலம் நீண்டிருந்தது. இந்த மரபை நேசிப்பவர்கள் இதை மென்று விழுங்கக் கூடாது. அடிமைப்பட்டவன் தைவத்தின் வாயால் அதிகாரம் பெற்றான் என்பது உண்மை. அந்த அதிகாரம் விடியும்வரைதான் நீடித்தது என்பதும் உண்மை.

கொரகஜ்ஜாவை எல்லோரும் கும்பிட்ட அதே மண்ணில், கொரகர்கள் ‘அஜலு’ என்ற கொடுமைக்கு உள்ளானார்கள். முடியும் நகமும் கலந்த சோற்றைத் தின்னவைப்பது, எருமைப் பந்தயமான கம்பளாவுக்கு முன் அவர்களை எருமைபோல் சேற்றில் ஓடவைப்பது எல்லாம் அதில் அடங்கும். இதைத் தடுக்கக் கர்நாடகம் 2000-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

நிலம் மாறியதும் எல்லாம் மாறியது

கோலாவுக்கான செலவு நிலத்திலிருந்து வந்தது. குத்து வீட்டுக்குக் குத்தகை நெல் வரும். அதிலிருந்து கோலா நடக்கும். ஆடுபவருக்கும் வாத்தியக்காரருக்கும் வண்ணாருக்கும் பங்கு போகும். சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்கு, தாய்வழியில், ‘அளியசந்தான’ முறையில் இறங்கியதால் குத்து வீட்டு நிலம் துண்டாகாமல் இருந்தது.

இரண்டு சட்டங்கள் இதைக் கலைத்தன. 1949-ஆம் ஆண்டின் மதராஸ் அளியசந்தானச் சட்டம் கூட்டுச் சொத்தைப் பிரிக்க வழி திறந்தது. 1974 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்த கர்நாடக நிலச் சீர்திருத்தத் திருத்தம் குத்தகை நிலத்தை உழுதவருக்கே கொடுத்தது. இது பெரிய நீதி; இந்தக் கடற்கரையில் மிகுந்த வீச்சோடு நடந்தது. கோலாவைப் பொறுத்தவரை விளைவுகள் இவை:

1. குத்து வீட்டின் இடத்தைக் குழுக்கள் பிடித்தன. நன்கொடைச் சீட்டு, மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்க்காரர்களின் பணம் என்று கோலா நடக்கிறது. நேற்றைய குத்தகைதாரர் இன்று கோலா நடத்தும் குழுவில் இருக்கிறார்.

2. பணம் வந்ததும் ஸ்தானங்கள் புதுப்பிக்கப்பட்டன. பழைய மரச் சிற்பங்கள் சில இடங்களில் ஊரைவிட்டே போயின. மெக்கெகட்டு என்ற ஊரின் பிரம்மாண்டமான மர பூத உருவங்களைப் பார்க்க இன்று தில்லி கைவினை அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும்.

3. தைவங்களுக்குப் புராண முகவரி கொடுக்கும் போக்கு கூடியது. பஞ்சுர்லி வராகம் ஆகிறது, ஜுமாதி தூமாவதி ஆகிறது. கள்ளும் கோழியும் இருந்த இடங்களில் கலசாபிஷேகம் நுழைகிறது.

‘இது இந்துவா, இல்லையா’ என்ற சண்டையின் வேர் மூன்றாவது புள்ளியில் இருக்கிறது. தைவ வழிபாடு வேதத்திலிருந்தோ ஆகமத்திலிருந்தோ பிறந்தது இல்லை. அதன் வேதம் பாட்தனம்தான். அதே நேரம், நூற்றாண்டுகளாகத் தேவர் கோயிலோடு ஒரே நாள்காட்டியில், ஒரே ஊர்க் கட்டமைப்பில் பிணைந்து வந்திருக்கிறது. திருவிழாவில் தைவம் கோயில் வாசலுக்கு வந்து தேவரைச் சந்திக்கும் சடங்கு பல ஊர்களில் உண்டு. தனி மதம் என்று பிரித்தாலும் தவறு; புராணத்தின் கிளை என்று கரைத்தாலும் தவறு. இரண்டாவது தவறு அதிக ஆபத்தானது என்பது என் கருத்து. கல்குடனின் வெட்டப்பட்ட கை வராக அவதாரக் கதைக்குள் காணாமல் போய்விடும்.

அப்படியென்றால், திரையரங்கில் ஆடினால் என்ன?

இப்போது எதிர்ப்பின் காரணங்கள் புரியும்.

முதலாவது, எண்ணெய் பூளியம் வாங்காதவர் ஆடுவது இந்த மரபில் கலை முயற்சியாகக் கணக்காவதில்லை. உரிமை இல்லாத இடத்தில் கையெழுத்துப் போடுவதாகத்தான் கணக்காகும். யக்ஷகானத்தைக் கற்றுக்கொண்டு யாரும் ஆடலாம், புலிவேஷம் யாரும் போடலாம். நலிகே, பம்பத, பரவக் குடும்பங்களின் பிள்ளை விரதமிருந்து, பெரியவர்களோடு பல இரவுகள் களத்தில் நின்று, பாட்தனத்தை உள்வாங்கிய பிறகே கக்கர கட்டுகிறான்.

இரண்டாவது, வழக்கு. அங்கே ஆடும் உடலின் முன்னால் மனிதர்கள் தங்கள் வாழ்க்கைச் சிக்கல்களை வைத்து அழுகிறார்கள். அதே அலறலைக் கைதட்டலுக்காகச் செய்தால் அழுதவர்களுக்கு வலிக்கும்.

மூன்றாவதைப் பற்றிப் பேச்சு குறைவு. இந்த ஆட்டத்தால் சிறுமைப்பட்டது ஒரு சமூகம். அதே ஆட்டம் இப்போது புகழும் பணமும் ஈட்டும்போது அதை ஏற்று ஆடுபவர்கள் மற்றவர்கள். எதிர்ப்பின் ஒரு பகுதி பக்தியிலிருந்து வருகிறது. இன்னொரு பகுதி இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. ‘நடிகர் ஆடலாமா’ என்ற கேள்விக்கும் ஊரில் ஒரே பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான். படம் வந்ததால் பிள்ளைகள் எங்கள் தொழிலை மதிக்கிறார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், எங்கள் சாமியைக் காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

படத்தின் அலையில், 2022 அக்டோபரில் கர்நாடக அரசு 60 வயதைத் தாண்டிய தைவ நர்த்தகர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. தொகை சிறியது, அங்கீகாரம் என்ற வகையில் பெரியது. ஆனால் கனத்த சிலம்பையும் முதுகில் அணியையும் சுமந்து, தீப்பந்தத்தின் சூட்டில் விடிய விடிய ஆடுகிற உடல் அறுபது வரை தாக்குப்பிடித்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். தெம்பரெ தட்டிப் பாட்தனம் பாடும் பெண்கள் ‘நர்த்தகர்’ என்ற பெயருக்குள் அடங்குவார்களா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. கதையைக் காத்துவருவது அவர்கள்தான்; கதை இல்லாமல் தைவம் இறங்குவதில்லை.